முந்திரிக்காட்டு ஓடையில் நான் போட்ட கரை

கரை போட்டு முடித்த அன்று சாயங்காலம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து டீ குடித்தேன்.

கடலூருக்கு மேற்கே, செம்மண் மேட்டில், என் மாமனார் வீட்டு முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு ஓடை போகிறது. வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தண்ணீர் வரும். அந்த ஓடைக்குக் குறுக்கே மண்ணால் ஒரு கரை. என் நெஞ்சு உயரம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தால் பதினெட்டு எட்டு. படித்தவர்கள் இதைத் தடுப்பணை என்பார்கள். தோப்புக் கிணற்றடியிலிருந்தே அதைப் பார்த்த என் மனைவி அமுதா வைத்த பேர் வேறு.

"எருமை படுத்துக் கெடக்கற மாதிரி இருக்குதுங்க."

"எருமையாவே இருக்கட்டும். மண்ணு போவாம நின்னா சரி."

"நீங்க என்னிக்கு மண்ணப் பத்தி கவலப்பட்டீங்க? வாசல்ல ஒரு துளசிச் செடி வச்சுட்டு, தண்ணி ஊத்துங்கன்னு சொன்னதுக்கு, மழ வரும்னு சொன்ன ஆளு நீங்க."

நியாயமான கேள்வி. டீயை உறிஞ்சி சமாளித்தேன்.

ஊரில் எல்லோரிடமும் நான் சொன்ன காரணம் இதுதான்: ஓடை வருஷா வருஷம் தோப்பைத் தின்றுகொண்டு வருகிறது, மரம் போகிறது, நிலம் போகிறது. பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ஓடைக்கரை ஓரத்தில் வளைந்து நிற்கிற ஒரு முந்திரி மரத்தடியில் எங்கள் முதல் குழந்தை இருக்கிறாள். இரண்டு நாள் இருந்த குழந்தை. போன மழை முடிந்து போய்ப் பார்த்தபோது ஓடைக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் ஐந்து எட்டுத்தான் மிச்சம் இருந்தது.

அந்த இடம் அமுதாவுக்குத் தெரியாது. எனக்கும் என் மச்சான் குணாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைண்டிங் இன்ஜினியர்

என் கல்யாணத்தில் வேட்டி அவிழ்ந்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வேட்டியே கட்டத் தெரியாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கு அடுத்த சந்தேகமும் வந்திருக்கும். வேட்டி கட்டத் தெரியாதவன் அணை எப்படிக் கட்டினான்?

நான் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். டாக்டர் பட்டத்துக்கு மாணவர்கள் எழுதுகிற ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுப்பேன். பசை காய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பதைப் படிப்பேன். இப்படியே எனக்கு இறால் நோய் தெரியும், சோழர் காலக் கல்வெட்டு தெரியும், கொசுவின் குடும்ப வாழ்க்கை தெரியும். எல்லாம் அரைகுறையாக. பசை காய்ந்ததும் மூடிவிடுவேன்.

ஒரு நாள் ஒரு பையன் மண் அரிப்பைப் பற்றி எழுதிய ஆய்வேட்டைக் கொண்டுவந்தான். ஆறு காப்பி. சின்ன ஓடைகளுக்குக் குறுக்கே மண் கரை போட்டால் தண்ணீரின் வேகம் குறையும், அடித்துக்கொண்டு வருகிற மண் கரைக்குப் பின்னால் தங்கும், ஓடையின் பள்ளம் மெல்ல மெல்லத் தூர்ந்து மேடாகும், இரண்டு பக்கத்துக் கரையும் பிழைக்கும். விஷயம் அவ்வளவுதான். இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படங்கள் போதுமாக இருந்தன. ஒரு போட்டோவில், உயரம் தெரிவதற்காக, கரைக்குப் பக்கத்தில் ஒரு மனிதரை நிற்க வைத்திருந்தார்கள். அவருக்கும் என்னைப் போலவே தொப்பை. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் கடையிலிருந்தே குணாவுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஓடைக்குக் குறுக்க ஒரு கரை போடலாமா?"

"போடலாம் மாமா. நானும் அதத்தான் நெனச்சிகிட்டு இருந்தேன்" என்றான்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருபத்து நாலு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத விஷயம் அது.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில். அமுதா ஏழாம் மாசமே வளைகாப்பு முடிந்து முந்திரிக்காட்டு ஊருக்கு வந்துவிட்டாள். கடலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண். எடை குறைவு, மூச்சு சரியாக வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். கல் வைப்பதில்லை, விளக்கு வைப்பதில்லை, காரியம் கிடையாது. முக்கியமாக, பெற்றவளுக்கு இடத்தைக் காட்டக்கூடாது. காட்டினால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளையைச் சுமக்க உடம்பு தேறாது என்பது கணக்கு. என் மாமனார் என்னையும் குணாவையும் தனியாகக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. குணாவுக்குப் பத்தொன்பது. சரி என்று தலையாட்டினோம்.

இரண்டு மாசம் கழித்து அமுதாவைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பஸ் ஊரைத் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க வச்சீங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் சொன்னது: "கண்டக்டர் வர்றாரு பாரு, சில்லற இருக்கா?"

அவள் சுருக்குப் பையைத் திறந்து சில்லறை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. மகன் பிறந்தான், வளர்ந்தான், இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். இத்தனை வருஷத்தில் தாய் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். தோப்புக்கு வந்தால் கிணற்றடியிலேயே நின்றுவிடுவாள். உள்ளே வரமாட்டாள். முள்ளு என்பாள், வெயில் என்பாள்.

எதற்கெடுத்தாலும் சிரிக்க வைக்கிற ஆள் என்று என்னைச் சொல்வார்கள். சிரிக்க வைப்பதில் பாதி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிற வேலை. மீதிப் பாதிதான் திறமை.

எங்கள் ஊர்த் தண்ணீர்

கரைக்கு வருகிறேன்.

குணா டிராக்டரில் மண் அடித்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரல் நீட்டி, இங்கே அங்கே என்று காட்டினேன். உண்மையில் வேலை செய்தது ராசாத்தி. தோப்புக்குப் பக்கத்தில் குடியிருப்பவள், முந்திரிக்கொட்டை பொறுக்குவதிலிருந்து கிளை கழிப்பது வரை எல்லாம் அவள்தான். ஊரில் ஓடை வேலை, ஏரி வேலை எல்லாம் பார்த்துக் கை பழகியவள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு சாண் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இடித்துக் கெட்டித்தார்கள். தம் தம் என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. செம்மண் சேறு பட்ட என் வேட்டி இன்றைக்கும் காவி வேட்டிதான். கடைக்குக் கட்டிப் போனால் பையன்கள் "சாமி" என்கிறார்கள்.

கரை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு பக்கத்தில் தாழ்வாக வாய் விடவேண்டும். ஏரியில் அதைக் கலிங்கு என்பார்கள். எந்தப் பக்கம் விடுவது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சிதம்பரத்துக்குத் தெற்கே நெல் விளைகிற ஊர்க்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் ஓடாது, நடக்கும். வாய்க்காலில் மரியாதையாக வந்து, மடையைத் திறந்தால் வயலுக்குள் வந்து, உட்கார்ந்துகொள்ளும். சண்டை எல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: மடை யார் பக்கம்? அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவதும், கல்யாணப் பத்திரிகை வராமல் போவதும் அதனால்தான். எங்கள் ஊரில் பிறந்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வாய் வெட்டு என்றால், யோசிக்காமல் தன் பக்கம்தான் வெட்டுவான்.

நானும் யோசிக்கவில்லை. தோப்புப் பக்கம் காட்டினேன்.

ராசாத்தி திமிசை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அண்ணே, வாய ஏன் இந்தப் பக்கம் வக்கிறீங்க? எதுத்த கரையில பாறை கெடக்குது. அங்க வச்சா தண்ணி தலகீழா குதிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

"தண்ணிய யாராவது அடுத்தவன் பக்கம் தள்ளி வுடுவாங்களா ராசாத்தி? எங்க ஊர்ல இதுக்கு வெட்டுக் குத்தே நடக்கும்."

"அது பொறம்போக்கு அண்ணே. அங்க எவனும் இல்ல, ஓணான்தான் இருக்குது."

"ஓணானுக்கு எதுக்கு எங்க மாமனார் வூட்டுத் தண்ணி?"

எல்லோரும் சிரித்தார்கள். குணாவும் சிரித்தான். "வுடு ராசாத்தி, மாமா புக்கு படிச்சிட்டு வந்திருக்காரு" என்றான். சிரித்ததும் பேச்சு முடிந்துவிட்டது. வாய் தோப்புப் பக்கமே அமைந்தது. வளைந்த முந்திரி மரத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் வருகிற திசையில்.

ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பசை காய்ந்திருக்க வேண்டும்.

மூட்டைகள்

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் இரண்டு நாள் குணா போனில் சந்தோஷமாகத்தான் பேசினான். "மாமா, எருமை நல்லா தண்ணி குடிக்குது." மூன்றாம் நாள் காலையில் குரல் மாறியிருந்தது.

"மாமா, வாய்க்கு வந்துடுச்சு. வர்றீங்களா?"

நான் கிளம்பினேன். அமுதாவும் கிளம்பினாள். "எருமைக்கு ஒடம்பு சரியில்லன்னா நானும் பாக்கணும்ல?" என்றாள். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூரில் மாறி, தோப்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருக்கும். வழியெல்லாம் மழை.

எங்கள் ஊர்த் தண்ணீர் நடக்கும் என்று சொன்னேனே, அந்த மேட்டில் தண்ணீர் ஓடிவந்து எட்டி உதைக்கிறது. கரைக்குப் பின்னால் செங்காவி நிறத்தில் நிறைந்து நின்றது. நான் வைத்த வாய் வழியாகத் தோப்பு ஓரத்தில் பாய்ந்து, மறுபடி ஓடையில் இறங்கும் இடத்தில், சூடான பொங்கலைக் கரண்டியால் எடுக்கிற மாதிரி, தோப்புக் கரையை வாரி வாரி எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரலுக்கும் 'தொப்' என்று ஒரு சத்தம். ஐந்து எட்டு இருந்த இடத்தில் மூன்று எட்டுத்தான் இருந்தது.

ஓடை தானாக வந்திருந்தால் இரண்டு வருஷம் பிடித்திருக்கும். நான் வழிகாட்டி அழைத்து வந்திருந்தேன்.

குணா டிராக்டரில் மணல் மூட்டைகள் கொண்டுவந்திருந்தான். பேச நேரம் இல்லை. நான் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வளைந்த மரத்தடிக்கு ஓடினேன், போட்டேன், திரும்பி வந்தேன், அடுத்ததை எடுத்தேன். ஓடினேன் என்று எழுதுவது சுலபம். ஐம்பத்திரண்டு வயதில், சேற்றில், தொப்பையோடு. அமுதா கிணற்றடியில் குடையோடு நின்றிருந்தாள்.

நாலாவது மூட்டை போட்டபோதுதான் கவனித்தேன். என் மரத்தடியில் என்னுடைய மூட்டைகள் மட்டும்தான் இருந்தன. குணா அவனுடையதை இருபது எட்டு தள்ளி, தண்ணீர் கீழே திரும்புகிற இடத்தில், ஒரு இளம் முந்திரிக்கன்றுக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தான். அங்கே ஓடைக்கரையை இன்னும் தண்ணீர் தொடக்கூட இல்லை.

"மச்சான்! அங்க எதுக்குடா? இங்க கொண்டா!"

"நீங்க இங்க வாங்க மாமா! அங்க போனா ஒரு மரந்தான போவும்!"

"ஒரு மரமா?"

"பின்ன?"

இரண்டு பேரும் தோளில் மூட்டையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை பெய்துகொண்டே இருந்தது.

அமுதா குடையை மடக்கிவிட்டு வந்தாள். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தோப்புக்குள் வந்தாள். என் மூட்டைகளைப் பார்த்தாள். அவன் மூட்டைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் மழைத் தண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்க?" என்றாள்.

பஸ்ஸில் கேட்ட அதே குரல். இந்தத் தடவை கண்டக்டர் யாரும் வரவில்லை.

நான் வளைந்த மரத்தடியைக் காட்டினேன். அதே நேரத்தில் குணா கன்றைக் காட்டினான்.

மண்வெட்டி

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஓடையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்த ராசாத்தியைப் பார்த்தாள்.

"ராசாத்தி, அந்தப் பக்கம் பாறைன்னு சொன்னியாமே?"

"ஆமாங்கா. கரை முடியற எடத்துல இடுப்பளவு பாறை."

"அங்க வெட்டி வுட்டா?"

"இந்தப் பக்கம் வர்ற தண்ணி நின்னு போவும். ஆனா கரையில பாதி போயிடும்."

அமுதா என்னைக் கேட்கவில்லை. டிராக்டரில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாயில் முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து, என் கரை மேல் ஏறி நடந்தாள். பதினெட்டு எட்டு. நான் அளந்து அளந்து போட்ட கரை. அதன் மேல் ஆடு ஏறினால்கூட விரட்டிவிட்டிருக்கிறேன்.

"அமுதா, வழுக்கும்! நான் வரேன் இரு!" என்று பின்னாலேயே போனேன். குணாவும் ராசாத்தியும் வந்தார்கள். கோடியில் போய் அவள் முதல் வெட்டு வெட்டியபோது மண் பெயரவே இல்லை. ராசாத்தி இடித்த கெட்டிப்பு அப்படி. நான் கை நீட்டினேன். மண்வெட்டியைத் தரவில்லை.

"ரெண்டு பேரும் வேற எதுனா எடுத்துகிட்டு வாங்க. இது என் கையில இருக்கட்டும்."

குணா கடப்பாரை கொண்டுவந்தான். நான் கையாலேயே மண்ணைத் தள்ளினேன். நாலு பேரும் சேர்ந்து ஒரு கால்வாய் மாதிரி வெட்டினோம். முதலில் ஒரு கோடாகத் தண்ணீர் போனது. பிறகு ஒரு பாய் அகலம். "பின்னால வாங்க, பின்னால வாங்க!" என்று ராசாத்தி எங்களை இழுத்தாள். நாங்கள் நகர்ந்ததும் நின்றிருந்த இடம் அப்படியே சரிந்து போனது. தண்ணீர் பாறை மேல் விழுந்து, நுரைத்து, யாரையும் ஒன்றும் செய்யாமல் ஓடையில் இறங்கி ஓடியது.

தோப்புப் பக்கத்து வாயில் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அந்தத் 'தொப்' சத்தமும் நின்றது.

ஒரு நாழிகைக்குள் எருமையில் பாதி இல்லை. எனக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எத்தனை எட்டு

மழை விட்டபோது கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். ராசாத்தி வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று கேட்காமல் போய்விட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் பேச வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் என் கணக்கைச் சொன்னேன். அன்றைக்கு ஓடைக்கரையிலிருந்து பத்து எட்டு எண்ணி வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய முந்திரி மரம். பிற்பாடு வந்த புயலில் தோப்பே சாய்ந்தது, அந்த மரமும்தான். மறுபடி கன்று வைத்தபோது நான் வந்து, கரையிலிருந்து பத்து எட்டு எண்ணி, நட வந்த ஆட்களிடம் அந்த இடத்தில் ஒன்று நடச் சொன்னேன். அதுதான் வளைந்த மரம்.

"கரையிலேர்ந்தா எண்ணுனீங்க?" என்றான் குணா. "கரைதான் வருசா வருசம் நவுந்துகிட்டே இருக்குதே மாமா. அதோட நீங்களும் நவுந்துட்டீங்க."

நகர்ந்துகொண்டே இருக்கிற ஒன்றிலிருந்து அளந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நான் கெணத்துலேர்ந்து எண்ணுனேன்" என்றான் குணா. "நாப்பது எட்டு. கெணறு நவுராதுல்ல? புயலுக்கு அப்பறம் நானே எண்ணிப் போயி கன்னு வச்சேன். அது பட்டுப்போச்சு, வேற வச்சேன். அதுவும் போச்சு. இப்ப இருக்கறது மூணாவது."

அவன் அங்கே மூன்று தடவை கன்று வைத்தது எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதே இல்லை.

அமுதா அவனைப் பார்த்தாள். "அப்ப உனக்கு என்னா வயசுடா? ஒட்டடக்குச்சி மாதிரி இருப்ப. ஒரு எட்டு வச்சா வாய்க்கால தாண்டுவ. புயலுக்கு அப்பறம் எண்ணுனப்ப ஒனக்கு மூட்டுவலி. ரெண்டும் ஒரே எட்டா?"

குணா காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, சின்னப் பையன் மாதிரி, "தெரியலக்கா" என்றான். "ஓடையில போவல. அது மட்டும் தெரியும். நாங்க வச்சது தோப்புக்குள்ள, நல்லா உள்ள தள்ளி. அப்பா அப்படித்தான் வைக்கச் சொன்னாரு."

முந்திரி இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"துணி என்னா துணி?" என்றாள் அமுதா.

என்னைத்தான் கேட்டாள். வழக்கம்போல ஒரு ஜோக் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினேன்.

"என் வெள்ள வேட்டி. பாதியாக் கிழிச்சேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆட்டோவுல மடியிலயே வச்சிகிட்டு வந்தேன். வெயில் அடிச்சுது. குணா துண்டப் புடிச்சிகிட்டே வந்தான்."

"அழுதீங்களா?"

"குணா அழுதான்."

"மாமாவும் அழுதாரு" என்றான் குணா.

"முடி இருந்துச்சா? எனக்கு சரியா காட்டவே இல்ல. மூடியே வச்சிருந்தாங்க."

"நெறைய இருந்துச்சு. சுருட்டை."

"மூஞ்சி?"

"மூக்கு உன் மூக்கு."

அமுதா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "அய்யோ, பாவம் அது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். குணா எழுந்து, கிணற்றுக்குள் எதையோ பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் யாரையும் சிரிக்க வைக்க முடியவில்லை. அவளுக்கு அது தேவையாகவும் இல்லை.

மாசியில்

ஓடை காய்ந்த பிறகு மறுபடி கரை போட்டோம். இந்தத் தடவை விரல் நீட்டிக் காட்டியது அமுதா. நான் தண்ணீர் தெளித்தேன். என் தகுதிக்கு அதுதான் சரி என்று ராசாத்தி முடிவு செய்திருந்தாள்.

வாய் பாறைப் பக்கம். பழைய வாயைக் கெட்டியாக அடைத்தோம். தோப்பு ஓரம் நெடுக, வளைந்த மரத்திலிருந்து குணாவின் கன்று தாண்டிக் கோடி வரைக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ள வெட்டிவேர் நடச் சொன்னாள்.

"அவ்ளோ தூரம் எதுக்குக்கா?" என்றான் குணா. "ரெண்டு எடத்துக்கு முன்னால மட்டும் வச்சா போதாதா?"

"ரெண்டு எடமும் இல்லன்னா?"

குணா இன்னொரு கட்டு வேர் எடுக்கப் போனான்.

கடைசித் திமிசு விழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூ விட்ட முந்திரி வாசம் காற்றில் இருந்தது. ராசாத்தியும் மற்றப் பெண்களும் கை கால் கழுவ, ஓடைப் பள்ளம் ஒன்றில் மிச்சம் தேங்கியிருந்த தண்ணீருக்கு இறங்கினார்கள். அமுதா தோப்புப் பக்கம் நடந்தாள். முதல் மரம் வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அக்கா, முள்ளு கெடக்குது. செருப்ப ஏன் கழட்டற?" என்றான் குணா.

"எங்கன்னு தெரியலல்ல" என்றாள் அமுதா. "எங்க மிதிக்கறோம்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குணா ஒரு நிமிஷம் நின்றான். அவன் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். ஒரு காலைத் தூக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு இழுத்துக் கழற்றினான். நான் என்னுடையதைக் கழற்றினேன். மூன்று ஜோடியும் முதல் மரத்தடியில் கிடந்தன.

காலுக்குக் கீழே சருகு நொறுங்கியது. நாலாவது அடியிலேயே எனக்கு முள் குத்தியது. வாயைத் திறந்து கத்தப் போனேன். முன்னால் போய்க்கொண்டிருந்த அமுதா, திரும்பிப் பார்க்காமலே, விரலை உதட்டில் வைத்தாள்.

அதற்கப்புறம் மூன்று பேரும் சத்தம் போடாமல், பாதத்தை மெல்ல ஊன்றி ஊன்றி நடந்தோம், தொட்டில் கட்டியிருக்கிற வீட்டுக்குள் நடப்பது போல.